டியூப்பில் அடைப்பா? எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள்

கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேதான் எச்.எஸ்.ஜி. அதை எடுத்துவிட்டு வரும் பெண்ணின் கையில் ஒரு பெரிய கவர் இருக்கும். உள்ளே கறுப்பு பிலிம், கூடவே ஒரு தாள். அந்தத் தாளின் கடைசி வரியில் இரண்டு குழாயிலும் அடைப்பு என்று இருந்தால், மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி மேலூரோ திருப்பத்தூரோ போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் மனதுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுவாள். அவசரப்பட வேண்டாம். அடைப்பு என்பது ஒரே நோய் இல்லை. எந்த இடத்தில், எதனால் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகுதான் மருந்தா, ஆபரேஷனா, சோதனைக்குழாய் முறையான ஐ.வி.எஃப்.பா என்று பேசவே முடியும்.

குழாயைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கர்ப்பப்பையின் இரண்டு தோள்களிலிருந்தும் பக்கத்துக்கு ஒன்றாகக் கருக்குழாய் கிளம்புகிறது. நீளம் 10 முதல் 12 செ.மீ. இத்தாலிய உடற்கூறு அறிஞர் கப்ரியேலே ஃபல்லோப்பியோ 1561-ல் இதை விவரமாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கர்ப்பப்பைச் சுவருக்குள் இருக்கும் முதல் பகுதியின் துளை ஒரு மி.மீ. அளவுதான், சில பெண்களுக்கு அதற்கும் குறைவு. வெளியே போகப் போகக் குழாய் அகன்று, முட்டைப்பையின் பக்கத்தில் சேலை முந்தானையில் கட்டும் குஞ்சம் மாதிரி விரிந்து முடிகிறது.

அந்தக் குஞ்சம்தான் இதில் முக்கியமான ஆள். முட்டைப்பைக்கும் குழாய்க்கும் நேரடி இணைப்பு கிடையாது. முட்டை வெடித்து வெளியே வரும்போது குஞ்சம் முட்டைப்பையின் மேல் கவிந்து தடவி அதை உள்ளே எடுத்துக்கொள்கிறது. முட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம். விந்தணுக்கள் ஐந்து நாள் வரைகூடக் காத்திருக்கும். இரண்டும் சந்திப்பது குழாயின் அகன்ற பகுதியில், கர்ப்பப்பைக்குள் அல்ல. உருவான கருவைக் குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்ணிய தூவிகள் மெல்லத் தள்ளித் தள்ளி நான்கைந்து நாளில் கர்ப்பப்பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

ஆகவே இது வீட்டுத் தண்ணீர்க் குழாய் இல்லை. பொறுக்கி எடுத்து, ஊட்டி, சுமந்து கொண்டுபோகிற உயிருள்ள உறுப்பு. துளை திறந்திருந்தும் உள்ளே தூவிகள் கருகிப்போயிருந்தால் வேலை நடக்காது. குழாய் நன்றாக இருந்தும் குஞ்சம் பக்கத்துக் குடலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் முட்டையை எடுக்க முடியாது. எக்ஸ்ரே காட்டுவது துளை திறந்திருக்கிறதா என்பதை மட்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

"மாசாமாசம் தேதி தவறாம வருதே, அப்புறம் எப்படி அடைப்பு?" என்று கேட்காத குடும்பம் இல்லை. மாதவிலக்கு ரத்தம் கர்ப்பப்பையின் உள்படலத்திலிருந்து கீழ்நோக்கி வருவது. அது குழாய் வழியாக வருவதில்லை. எனவே இரண்டு குழாயும் முழுக்க அடைத்திருந்தாலும் தேதி சரியாகவே வரும். பெரும்பாலான பெண்களுக்கு வலிகூட இருக்காது. கருத்தரிக்கவில்லை என்பது ஒன்றுதான் அடையாளம். சிலருக்கு அடிவயிற்றில் எப்போதும் ஒரு கனம், உறவின்போது உள்ளே குத்துவது, அவ்வப்போது தண்ணீர் மாதிரிப் படுவது என்று இருக்கும். பெண்ணின் பக்கம் உள்ள குழந்தையின்மைக் காரணங்களில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குழாய் சம்பந்தப்பட்டது.

எதனால் வருகிறது?

பெரும்பாலும் கிருமித் தொற்று. கிளமீடியா, கொனோரியா போன்ற கிருமிகள் கர்ப்பப்பை வாயிலிருந்து மேலேறிக் குழாயின் உள்படலத்தைப் புண்ணாக்குகின்றன. புண் ஆறும்போது சுவரும் சுவரும் ஒட்டித் தழும்பாகிவிடுகிறது. கிளமீடியா காய்ச்சலோ கடுமையான வலியோ இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கக்கூடியது. ஸ்வீடனின் லுண்ட் நகரத்துப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1992-ல் வெளியான ஆய்வு ஒன்று இப்படி மேலேறும் இடுப்புத் தொற்றின் கணக்கைச் சொல்கிறது: ஒரு முறை வந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குக் குழாய் கெட்டுக் குழந்தையின்மை, இரண்டு முறை வந்தவர்களில் சுமார் 20, மூன்று முறையும் அதற்கு மேலும் வந்தவர்களில் சுமார் 40 சதவீதம். அடிவயிற்று வலியும் நாற்றத்தோடு வெள்ளைப்படுதலும் வந்தால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு மூன்றாம் நாள் நிறுத்துவதன் விலை இதுதான். சரியான சிகிச்சை வழக்கமாக 14 நாள். கணவரும் கூடவே மருந்து சாப்பிட வேண்டும். இல்லையென்றால் அதே கிருமி மறுபடி வரும். அவரைச் சோதனைக்கு அழைப்பது அவர் மேல் பழி சொல்வதல்ல. பழைய தொற்று யாரிடமும் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம்.

பிரசவத்துக்குப் பின்னோ, கருக்கலைப்புக்குப் பின்னோ வந்த தொற்றும் இதே வேலையைச் செய்யும். முதல் குழந்தை சுலபமாகப் பிறந்து, இரண்டாவது நிற்காமல் போகும் பெண்களிடம் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். குடல்வால் வெடித்து ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குழாய் வெளிப்புறமாக ஒட்டிக்கொள்ளலாம். கர்ப்பப்பை உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கும் அப்படியே. முன்பு ஒரு முறை குழாயில் கரு தங்கியவர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

அடுத்தது நம் நாட்டில் தனியாகப் பேசியே ஆக வேண்டிய காரணம்: காசநோய். மதுரைப் பக்கம் டி.பி. என்றால் தோப்பூர் ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும், நெஞ்சுச் சளியும் இருமலும்தான் கண்முன் வரும். ஆனால் நுரையீரலில் எப்போதோ வந்து அடங்கிய கிருமி ரத்தம் வழியாகக் கருக்குழாய்க்குப் போய்த் தங்கும். பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளில் டி.பி. வந்தால் ஏறக்குறைய எல்லோருக்கும் குழாய் பாதிக்கப்படும். கர்ப்பப்பை உள்படலம் அதற்கு அடுத்தது. இருமல் இருக்காது. மாதவிலக்குக் குறைந்துகொண்டே வருவது, லேசான காய்ச்சல், எடை குறைவது ஏதாவது இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம். சின்ன வயதில் வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்று டாக்டர் கேட்டால் மறைக்காதீர்கள்.

இந்த இடத்தில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். கர்ப்பப்பை உள்படலத்திலிருந்து சிறிது சதை எடுத்து அனுப்பும்போது, முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் எதுவும் வளராது. ஒரு பகுதி ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு, இன்னொரு பகுதி சலைனில் கல்ச்சருக்கும், கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனைக்கும் என்று இரண்டு பாட்டில் போக வேண்டும். சதை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ தடித்துவிட்டது என்பதை மட்டும் வைத்து டி.பி. மருந்து தொடங்குவது சரியல்ல. கிருமி எப்போதோ உடலுக்குள் வந்துபோனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்து டி.பி. என்று சொல்லும் சோதனையை மத்திய அரசு 2012-லேயே தடை செய்துவிட்டது. நோய் உறுதியானால் ஆறு மாத மருந்து, அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: மருந்து கிருமியைக் கொல்லும், ஏற்கெனவே விழுந்துவிட்ட தழும்பைக் கரைக்காது.

எப்போது, என்ன சோதனை?

35 வயதுக்குள் இருப்பவர்கள் ஒரு வருடம், அதற்கு மேல் ஆனவர்கள் ஆறு மாதம், தடுப்பு எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் நிற்கவில்லை என்றால் சோதனைக்குப் போகலாம். இந்த மாதக் கணக்கில் நம் பக்கத்துக் குழப்பம் ஒன்று உண்டு. கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். கணவர் திருப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து போவார். மூன்று வருடம் ஆச்சு என்று மாமியார் சொல்லும் கணக்கில் சேர்ந்திருந்தது ஐந்து மாதம்கூட இருக்காது. டாக்டரிடம் சேர்ந்திருந்த மாதங்களைச் சொல்லுங்கள். ஆனால் முன்பே இடுப்புத் தொற்று, டி.பி., குடல்வால் வெடிப்பு இருந்தவர்கள் வருடக்கணக்குப் பார்க்காமல் உடனே போகலாம்.

குழாய் டெஸ்டுக்கு முன்னால் கணவரின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்கிற ஒரு சாம்பிள், வலியில்லை, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணை மட்டும் எக்ஸ்ரே மேசையில் படுக்க வைப்பது நியாயமே இல்லை.

எச்.எஸ்.ஜி.க்கு நாள் முக்கியம். ரத்தம் பட ஆரம்பித்த நாளை ஒன்று என்று வைத்து ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், பட்டது முழுவதும் நின்ற பிறகு எடுக்க வேண்டும். தேதி வந்ததிலிருந்து டெஸ்ட் முடியும் வரை உறவு வேண்டாம். அந்தச் சுற்றில் கரு இல்லை என்பது அப்போதுதான் உறுதி. அடிவயிற்றில் தொற்று, காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். அயோடின் அலர்ஜி, ஆஸ்துமா, தைராய்டு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே மேசையில் முழங்காலை மடக்கிப் படுக்க வைத்து, ஸ்பெகுலம் வைத்து, கர்ப்பப்பை வாயைச் சுத்தம் செய்து, மெல்லிய குழல் ஒன்றை உள்ளே செலுத்துவார்கள். அதன் வழியாக அயோடின் கலந்த திரவம் 5 முதல் 10 மி.லி. வரை மெதுவாகப் போகும். போகப் போகப் படம். முதலில் கர்ப்பப்பை தலைகீழ் முக்கோணமாக வெள்ளையாகத் தெரியும். அதன் இரண்டு மேல் மூலையிலிருந்தும் நூல் மாதிரி இரண்டு கோடு வளைந்து போகும். கோட்டின் முனையில் திரவம் வெளியே கொட்டி, ஊதுபத்திப் புகை கலைவது போலக் குடல்களுக்கு நடுவே பரவினால் அந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று அர்த்தம். மொத்தம் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். திரவம் போகும் ஒன்றிரண்டு நிமிடம் மாதவிலக்கு வலி மாதிரிப் பிடித்து இழுக்கும். பிறகு ஒரு நாள், இரண்டு நாள் பிசுபிசுப்பும் லேசான ரத்தமும் படும், பேட் வைத்துக்கொள்ளுங்கள், தனியாக பஸ்ஸில் போக வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ வலி கூடிக்கொண்டே போனாலோ அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

பிலிமில் இருப்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

கோடு முக்கோணத்தின் மூலையிலேயே நின்றுபோனால் அது கர்ப்பப்பை ஓர அடைப்பு. அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். வலியிலும் பயத்திலும், அல்லது திரவத்தை வேகமாகவோ குளிர்ச்சியாகவோ செலுத்துவதாலும் அந்த ஒரு மி.மீ. துளையைச் சுற்றியுள்ள தசை இறுகி மூடிக்கொள்ளும். சளி உருண்டை ஒன்று வந்து நின்றிருக்கவும் கூடும். கண்மாயில் மடை சாத்தியிருந்தால் கால்வாயில் தண்ணீர் வராது. அதை வைத்துக் கால்வாயே தூர்ந்துபோச்சு என்று சொல்லலாமா? எச்.எஸ்.ஜி.யில் மூலையில் அடைப்பு என்று வந்த பல பெண்களுக்கு அடுத்த சோதனையில் குழாய் திறந்தே இருக்கிறது. எனவே இந்த ஒரு படத்தை மட்டும் வைத்து யாராவது நேராக ஐ.வி.எஃப். என்று சொன்னால், இன்னொரு சோதனையால் உறுதி செய்ய முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். லேப்ராஸ்கோபியில் தொப்புளருகே சிறு துளை போட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே கீழிருந்து நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் குஞ்சத்தில் சொட்டுவது கண்ணுக்கே தெரியும், ஒட்டுதல்களும் தெரியும். மயக்கம் கொடுத்துச் செய்வதால் தசை இறுக்கமும் குறைவு. உண்மையான மூலை அடைப்பாக இருந்தால் கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டு, மெல்லிய கம்பியால் துளையைத் திறக்கப் பார்ப்பார்கள். ஆரம்ப நிலையில் இருக்கும் சிலருக்கு இது நல்ல பலன் தரும்.

கோடு மூலையைத் தாண்டி நடுவில் அறுந்தால், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவராக இருக்கலாம். பிள்ளையை இழந்தவர்களும் மறுமணம் செய்தவர்களும் திரும்ப இணைக்கக் கேட்டு வருவார்கள். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நாகப்பட்டினம் பக்கத்துத் தாய்மார்கள் பலர் இந்த மறு இணைப்பு ஆபரேஷனைச் செய்துகொண்டார்கள். மீதிக் குழாய் நான்கு செ.மீ.க்கு மேல் இருந்து, வயதும் 35-க்குள் இருந்தால் வாய்ப்பு நன்றாகவே உண்டு. குஞ்சத்தையே வெட்டி எடுத்திருந்தால் இணைப்பதில் பயனில்லை. பழைய ஆபரேஷன் சீட்டை வீட்டில் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.

கோடு முழுதும் ஓடி, முனையில் பலூன் மாதிரி உப்பி, வெளியே கொட்டாமல் நின்றால் அது நுனி அடைப்பு. குஞ்சம் ஒட்டிப்போய் உள்ளே நீர் தேங்கியிருக்கும். நீர்க்குழாய், ஹைட்ரோசால்பிங்க்ஸ் என்று எழுதியிருப்பார்கள். குழாய்ச் சுவர் இன்னும் மெல்லியதாக, உள்மடிப்பு கெடாமல் இருந்தால் வாயைத் திறந்துவிடலாம். தடித்து உப்பிப்போனதைத் திறந்தால் பெரும்பாலும் மறுபடி மூடிக்கொள்ளும். அந்தத் தேங்கிய நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்து கரு ஒட்டுவதையும் கெடுக்கும். ஸ்கேனில் தெரியும் அளவு பெரிதான நீர்க்குழாயை வைத்துக்கொண்டே ஐ.வி.எஃப். செய்தால் வெற்றி ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. அதனால் முதலில் அந்தக் குழாயை எடுத்துவிட வேண்டும், அல்லது கர்ப்பப்பை ஓரத்தில் கட்டிவிட வேண்டும். குழந்தைக்காக வந்த இடத்தில் குழாயை எடுக்கச் சொல்கிறார்களே என்று அழும் பெண்களுக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டியது மருத்துவரின் கடமை.

மணி கோத்த மாதிரி திட்டுத் திட்டாக, விறைப்பாகக் கோடு தெரிந்தால் டி.பி.யைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அடைத்து மறுபக்கம் நன்றாக இருந்தால் கவலை வெகுவாகக் குறையும். இயற்கையாகவே நிற்கலாம். வலது முட்டைப்பையிலிருந்து வந்த முட்டையை இடது குழாய் எடுத்துக்கொள்வதும் உண்டு. இவர்களுக்கு, விந்தணுவைக் குழல் வழியாகக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ.யும் செய்யலாம். ஆனால் இரண்டு பக்கமும் அடைத்திருந்தால் ஐ.யு.ஐ.யால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் விட்டாலும் அது முட்டையைச் சந்திக்க அதே குழாய் வழியாகத்தான் போக வேண்டும். குழாயைப் பார்க்காமலேயே ஆறு முறை ஐ.யு.ஐ. செய்துகொண்டு, ஒவ்வொரு முறையும் நகையை அடகு வைக்கும் குடும்பங்கள் நம் ஊரில் இன்றும் இருக்கின்றன. முதல் ஐ.யு.ஐ.க்கு முன் குழாய் டெஸ்ட் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

குழாயே உதவாது என்றால் ஐ.வி.எஃப். அது பிறந்ததே குழாய் அடைப்புக்காகத்தான். 1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தின் ஓல்டாமில் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனின் தாய் லெஸ்லிக்கு இரண்டு குழாயும் அடைத்திருந்தது. முட்டையை முட்டைப்பையிலிருந்தே ஊசியால் எடுத்து, வெளியே கருவாக்கி, நேராகக் கர்ப்பப்பையில் வைப்பதால் குழாயின் வேலை முழுவதும் தாண்டப்படுகிறது. முட்டைகளை வளர்க்கும் ஊசி பத்துப் பன்னிரண்டு நாள், கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு, மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ கரு வைப்பு, சுமார் இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. பெண்ணின் வயதுதான் வெற்றியை அதிகம் தீர்மானிக்கிறது. ஆகவே 37 வயதில் குழாய் ஆபரேஷன் செய்து இரண்டு வருடம் காத்திருப்பதும், 26 வயதில் எதையும் முயலாமல் ஐ.வி.எஃப்.க்கு ஓடுவதும் இரண்டுமே யோசிக்க வேண்டியவை. 2021-ன் சட்டப்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள். சொன்ன தொகையில் ஊசி மருந்து, மயக்க மருந்து, கருவை உறைய வைப்பது எல்லாம் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். கையில் பணம் இல்லாதவர்கள் முதல் கட்டச் சோதனைகளுக்குப் பெரியாஸ்பத்திரி மகப்பேறுப் பிரிவிலிருந்தே தொடங்கலாம்.

அடைப்பு நீக்கும் கஷாயம், வயிற்றில் எண்ணெய்ப் பத்து, வயிறு தடவுதல் பற்றியும் கேட்பீர்கள். வயிற்றின் மேல் தடவுவது எதுவும் உள்ளே ஒரு மி.மீ. துளையில் விழுந்த தழும்பைப் பிரிக்காது. வாய் வழியாகச் சாப்பிடும் எந்த மருந்தும் அதைக் கரைப்பதாக நிரூபணம் இல்லை. மூன்று மாதம் சாப்பிட்டு எனக்கு நின்றது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. பலருக்கு மடை சாத்தியிருந்ததே தவிர, கால்வாய் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நிஜமான அடைப்புள்ள பெண் அதை நம்பிப் போக்கும் ஒவ்வொரு வருடமும் அவளுடைய முட்டைக் கணக்கிலிருந்து போகிறது.

குழாய் பழுதான எந்தப் பெண்ணுக்கும், ஆபரேஷன் செய்து திறந்தவருக்கும், ஐ.வி.எஃப். செய்துகொண்டவருக்கும்கூட, தேதி தள்ளிப்போனால் கரு குழாயிலேயே தங்கும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வீட்டு டெஸ்டில் இரண்டு கோடு வந்ததும் ஊருக்குச் சொல்லி இனிப்புக் கொடுப்பதற்கு முன் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையும், கடைசித் தேதியிலிருந்து ஆறு வாரம் ஆகும்போது பெண்ணுறுப்பு வழியான ஸ்கேனும் செய்து, கரு இருக்கும் பை கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சீக்கிரம் தெரிந்தால் ஊசி மருந்திலேயே முடிக்க வாய்ப்புண்டு. ஒரு பக்க அடிவயிற்று வலி, திட்டுத் திட்டாக ரத்தம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி, கண் இருட்டிக்கொண்டு வருவது, இதில் எது வந்தாலும் வாயுப் பிடிப்பு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். குழாய் வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளியே ஒன்றும் தெரியாது. நடு ராத்திரியாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, தேதி தள்ளிப்போயிருக்கிறது, குழாயில் கோளாறு உண்டு என்ற இரண்டையும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.